நீதி, ஏவப்பட்டதால் நீதியா?

அல்லாஹ்வின் திருப்பெயர் கூறித் துவங்குகிறேன்.

சென்ற ரமலானில் ஓர் இரவு. தராவீஹ் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் மஹல்லாப் பள்ளியின் திண்ணையில் நாலைந்து பேர் கட்டன் சாயா குடித்தபடி உட்கார்ந்திருந்தோம். நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி மெல்ல என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“மாமா, ஒரு சந்தேகம். நீதி நல்லது என்று அல்லாஹ் ஏவியதால்தான் அது நல்லதாயிற்றா? அல்லது அது நல்லது என்பதால் அல்லாஹ் ஏவினானா?”

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். “முதலாவது சரி என்றால், அவன் மாற்றி ஏவியிருந்தால் அநியாயமே நியாயமாகியிருக்கும். இரண்டாவது சரி என்றால், அல்லாஹ்வுக்கும் மேலே ஒரு சட்டம் இருப்பதாக ஆகிவிடும். எது சரி?”

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் “அஸ்தஃக்பிருல்லாஹ்! இப்படியெல்லாம் கேட்டால் ஈமான் என்னத்துக்கு ஆகும்?” என்று அதட்டினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் எழுந்து போன பிறகு, தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னார்.

“எங்க உம்மாகிட்ட மாமாமார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிட்டாங்க. தோப்பில் உம்மாவுக்கு ஒரு சென்ட் கூட இல்லை. உம்மா அழுதப்ப, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுத்துக்கோ என்று சொன்னாங்க. அல்லாஹ் நாடினால் எதுவும் சரிதானா என்று அன்றிலிருந்து மனசு கேட்டுக்கிட்டே இருக்கு.”

அந்த இரவில் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நான் ஆலிம் அல்லன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் படித்ததையும் பெரியோர்களிடம் கேட்டதையும் கொண்டு, அவருடைய அனுமதியுடன், அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். தவறிருந்தால் உலமாப் பெருமக்கள் திருத்துவார்களாக.

பழைய கேள்வி

இது இன்று நேற்று முளைத்த கேள்வியல்ல. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் சாக்ரடீஸ் இதைக் கேட்டதாக அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். யூதிஃப்ரோ என்பவர் தம் தகப்பனார் மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்திருந்தார். தகப்பனார் ஒரு கூலியாளைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டதால் அவன் இறந்துபோனான் என்பது வழக்கு. தாம் செய்வது தெய்வங்களுக்கு உவப்பான காரியம் என்றார் யூதிஃப்ரோ. தெய்வங்கள் உவப்பதால் அது புண்ணியமா, புண்ணியமாக இருப்பதால் தெய்வங்கள் உவக்கின்றனவா என்று சாக்ரடீஸ் மடக்கினார். விடை கிடைக்காமலே யூதிஃப்ரோ நடையைக் கட்டிவிட்டார்.

நம் உம்மத்திலும் இந்த விவாதம் கடுமையாகவே நடந்தது. நன்மை தீமையை மனித அறிவே அறிந்துகொள்ளும். நீதி செய்வது அல்லாஹ்வின் மீது கடமை என்றார்கள் முஃதஸிலாக்கள். அவர்களுடைய அணியில் பல்லாண்டுகள் இருந்து, ஹிஜ்ரி 300 வாக்கில் பஸராவில் அதிலிருந்து விலகியவர் இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ (ரஹ்) அவர்கள். படைத்தவன் மீது கடமை விதிக்க யாரால் முடியும்? அனைத்தும் அவனுடைய உடைமையாக இருக்க, தன் உடைமையில் அவன் செய்வதை அநியாயம் என்பது எப்படி? நன்மை எது, தீமை எது என்பது ஷரீஅத்தின் வாயிலாகவே அறியப்படும் என்பது அவர்களுடைய வழி. அதே காலத்தில் ஸமர்கந்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 333இல் மறைந்த இமாம் அபூ மன்ஸூர் அல் மாதுரீதீ (ரஹ்) அவர்கள் சற்று வேறு விதமாகச் சொன்னார்கள். அல்லாஹ் ஹகீம், அவனுடைய ஏவல் எதுவும் ஹிக்மத்துக்குப் புறம்பாக வராது, சில நன்மை தீமைகளின் தன்மையை அறிவும் உணர்ந்துகொள்ளும் என்றார்கள்.

தமிழகத்தில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் கலந்தே வாழ்கிறோம். ஷாஃபிஈகள் பெரும்பாலும் அஷ்அரீ இமாமையும், ஹனஃபிகள் மாதுரீதீ இமாமையும் அகீதாவில் பின்பற்றுகிறார்கள். ஆகவே தம்பி கேட்ட கேள்வியின் இரு கரைகளும் நம் ஊர்களிலேயே இருக்கின்றன என்று சொல்லலாம்.

புகழ்ச்சிக்குப் பொருள் வேண்டாமா?

முதல் பக்கத்தைப் பார்ப்போம். “ஏவியதால் மட்டுமே நன்மை, அதற்கு மேல் ஒன்றுமில்லை” என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன ஆகும்?

தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா அவர்களை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. தறியில் நெய்து பிழைத்த ஞானி அவர்கள். அவர்கள் இயற்றிய ஞானப் புகழ்ச்சியை ஒவ்வோர் ஆண்டும் ரஜப் மாதத்தில் இரவெல்லாம் விடிய விடிய ஓதுகிறார்கள். சிறு வயதில் வாப்பாவின் மடியில் தூங்கி விழுந்தபடி அதைக் கேட்டவன் நான். நூலின் பெயரே புகழ்ச்சி! நாம் தொழுகையில் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் ஃபாத்திஹாவும் புகழ்ச்சியில்தான் துவங்குகிறது.

நன்மை என்ற சொல்லுக்கு ‘அல்லாஹ் ஏவியது’ என்பதைத் தவிர வேறு பொருளே இல்லையென்றால், அல்லாஹ் நல்லவன் என்று புகழ்வது, அவன் நாடியதை நாடுகிறான் என்று சொல்வதோடு முடிந்துவிடும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1686இல் எழுதிய நூலொன்றில் இதே நியாயத்தைச் சொல்கிறார்: நேர் எதிரானதைச் செய்திருந்தாலும் இதே புகழ்தான் என்றால், செய்ததற்காகப் புகழ்வானேன்? இதைச் சொல்ல அவர் எதற்கு, நம்முடைய ஹதீஸே போதும். சிறைப்பட்ட பெண்ணொருத்தி தன் குழந்தையைத் தேடி அலைந்து, கண்டதும் வாரியணைத்துப் பாலூட்டினாள். இவள் தன் குழந்தையை நெருப்பில் எறிவாளா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். மாட்டாள் என்றதும், இவளைவிட அல்லாஹ் தன் அடியார்கள் மீது அதிக இரக்கமுடையவன் என்றார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கவனியுங்கள்! தாயின் மடியில் நாம் கண்டறிந்த இரக்கத்தைக் காட்டித்தான் இறைவனின் இரக்கத்தை விளக்கினார்கள். இரக்கம் என்ற சொல் அவனிடம் பொருளற்றுப் போகுமென்றால் அந்த உவமைக்கே இடமில்லை.

இனி மறுபக்கம். நன்மை என்பது அல்லாஹ்வுக்கு வெளியே, அவனுக்கு மேலே தனியாக நிற்கும் ஒரு சட்டம் என்று வைத்தால், அவன் அதற்குக் கட்டுப்பட்டவனாகி விடுகிறான். அவனுக்கு மேல் ஒன்று இருப்பதாக வாயால் சொன்னாலும் மனதால் எண்ணினாலும் தவ்ஹீதில் விரிசல் விழுந்துவிடும். அஷ்அரீ இமாமவர்களின் அச்சம் இதுதான். அது நியாயமான அச்சம்.

தன் மீதே விதித்துக்கொண்டான்

அப்படியானால் வழி எங்கே? திருக்குர்ஆன் அதைத் திறந்து வைத்திருக்கிறது. ஸூரத்துல் அன்ஆமின் 12ஆம் வசனத்திலும் 54ஆம் வசனத்திலும், அல்லாஹ் அருள் புரிவதைத் தன் மீதே விதித்துக்கொண்டதாகக் கூறுகிறான். வேறு யாரும் அவன் மீது விதிக்கவில்லை. அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிமில் பதிவாகியிருக்கும் ஹதீஸ் குத்ஸியில், அநியாயத்தைத் தனக்கே தான் விலக்கிக்கொண்டதாகவும், அதை அடியார்களுக்கிடையிலும் விலக்கியதாகவும், ஆகவே ஒருவருக்கொருவர் அநியாயம் செய்யாதீர்கள் என்றும் நாயன் கூறுகிறான். இந்த வரிசையைப் பாருங்கள்! முதலில் அவன் எப்படிப்பட்டவன் என்பது. அதன் பிறகே நமக்கான சட்டம்.

ஆக, நன்மை அல்லாஹ்வுக்கு மேலேயும் இல்லை. வெறும் ஏவலில் பிறந்ததும் இல்லை. அது அவனுடைய ஸிஃபத்துகளில் இருக்கிறது. அவன் ரஹ்மான், அவன் அத்ல், அவன் ஹக். அவன் ஏவுவது அவன் எப்படிப்பட்டவனோ அதிலிருந்து வருகிறது. அவனுடைய வாக்கில் பொய் வருவது அசாத்தியம் என்பதில் இரு இமாம்களின் வழியினரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். உண்மை அவனுடைய ஸிஃபத்து, ஸிஃபத்து மாறாது. இதே அடிப்படையில் நீதியையும் அருளையும் சிந்தித்தால் தம்பியின் சிக்கல் அவிழ்கிறது. ‘அவன் மாற்றி ஏவியிருந்தால்?’ என்ற கேள்வி, ‘அவன் அவனாக இல்லாமல் இருந்திருந்தால்?’ என்ற கேள்வியாகிவிடுகிறது.

இதை விளங்க ஓர் உதாரணம். கடைக்காரரின் எடைக்கல் சரியா என்று முத்திரை போடும் அதிகாரி சோதிக்கிறார். அவருடைய கல்லை அதற்கும் மேலான ஒரு கல்லோடு ஒத்துப் பார்க்கிறார்கள். இப்படியே போனால் கடைசிக் கல் எது? 1889 முதல் உலகத்துக்கெல்லாம் கிலோகிராமின் அளவு, பாரிசுக்கு அருகே பாதுகாக்கப்பட்ட ஒரு பிளாட்டினம் – இரிடியம் உருளையே. அது எவ்வளவு கனக்கிறதோ அதுவே ஒரு கிலோ என்று மனிதர்கள் தீர்மானித்திருந்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, அதனோடு ஒரே நேரத்தில் செய்த மற்ற உருளைகளோடு ஒத்துப் பார்த்தபோது, கிராமில் லட்சத்தில் ஐந்து பங்கு வரை வித்தியாசம் தெரிந்தது. ஆகவே 2019 மே 20 முதல் அந்த உருளையைக் கைவிட்டு, இயற்கையில் மாறாத ‘பிளாங்க் மாறிலி’யைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள்.

இது நமக்கு என்ன பாடம் சொல்கிறது? தீர்மானத்தால் மட்டும் அளவானது அசையக்கூடும். தன் இயல்பிலேயே மாறாததுதான் கடைசி அளவாக இருக்கத் தகும். அதை அளக்க இன்னொரு அளவு தேவைப்படாது. எதைப் போலவும் இல்லாத நாயனுக்கு எந்த உவமையும் முழுமையாகப் பொருந்தாது என்பதை நான் அறிவேன். விளங்கிக்கொள்வதற்காகவே சொன்னேன்.

கஹ்ஃபு ஸூரா சொல்லும் பாடம்

“ஆனால் ஹிழ்ரு (அலை) அவர்களின் சம்பவம் இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். வெள்ளிதோறும் நாம் ஓதும் ஸூரத்துல் கஹ்ஃபில் வருகிறது. கப்பலில் ஓட்டை போட்டார்கள். ஒரு சிறுவனைக் கொன்றார்கள். கூலி வாங்காமல் சுவரைச் சீர்செய்தார்கள். மூஸா (அலை) அவர்களால் பொறுக்க முடியவில்லை.

நன்றாகக் கவனியுங்கள். கடைசியில் ஹிழ்ரு (அலை) அவர்கள், இது அல்லாஹ்வின் ஏவல், கேள்வி கேட்காதே என்று மட்டும் சொல்லி முடித்துவிடவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் காரணம் சொன்னார்கள். ஏழைகளின் கப்பல் அபகரிக்கப்படாமல் தப்பியது. பெற்றோருக்கு மேலான பிள்ளை கிடைக்க இருந்தது. அநாதைகளின் புதையல் காக்கப்பட்டது. பிறகுதான் தாமாக எதையும் செய்யவில்லை என்றார்கள். சொன்ன காரணங்கள் யாவும் அருளாகவே இருக்கின்றன. நமக்குத் தெரியாத ஹிக்மத்து இருக்கலாம். ஆனால் அதன் மறுபக்கத்திலும் இருப்பது அருளே, வெறும் அதிகாரமல்ல என்பதே அந்த வரலாற்றின் பாடம். இப்ராஹீம் (அலை) அவர்களுடைய சோதனையும் பிள்ளையின் இரத்தத்தில் முடியவில்லை, ஆட்டில் முடிந்தது. வஹ்யு நின்றுவிட்ட பிறகு, எனக்கும் அப்படியொரு ஏவல் வந்தது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. அல்லாஹ்வை நம்பாதவர்களிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். நாமே பார்த்திருக்கிறோம், அதை மறைப்பது நீதியாகாது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் வாய்க்கால் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வருகிறது. பேச்சிப்பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவனின் வயலிலும் நெல் விளையத்தான் செய்கிறது. ஒவ்வோர் ஆத்மாவுக்கும் அதன் தீமையையும் நன்மையையும் உணர்த்தியிருப்பதாக ஸூரத்துஷ் ஷம்ஸில் நாயன் கூறுகிறான். தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய்கிறது. வாய்க்கால் வறளும் நாளில் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பதுதான் ஈமான் உடையவனின் பாக்கியம்.

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி

இந்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன லாபம்? மிகப் பெரிய லாபம் உண்டு. இறைவனின் பெயரைச் சொல்லி அநியாயம் செய்பவனை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நம் மண்ணின் சரித்திரத்தையே பாருங்கள். 1750இல் மார்த்தாண்ட வர்மா மகாராஜா திருவிதாங்கூர் அரசை ஸ்ரீபத்மநாபருக்கு அர்ப்பணித்து, அவருடைய ஊழியராக ஆளத் துவங்கினார். தெய்வத்தின் ஊழியர் என்ற பெயரில் நடந்த அதே அரசில்தான், இந்தக் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலே சீலை போடக்கூடாது என்ற கொடுமை இருந்தது. 1829இல் அரச விளம்பரமும் அதை உறுதி செய்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26ஆம் தேதி விளம்பரம்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை விடவில்லை. ஆணை யாருடைய பெயரால் வந்திருந்தாலும், அது அநியாயம் என்பது அந்தத் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது.

மற்றவர்களின் சரித்திரத்தைச் சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிடக் கூடாது. அறியாமைக் கால அரபு முஷ்ரிக்குகள் கஃபாவை ஆடையின்றித் தவாஃப் செய்துவிட்டு, எங்கள் மூதாதையர் செய்தார்கள், அல்லாஹ்வும் ஏவினான் என்றார்கள். அல்லாஹ் மானக்கேடானதை ஏவுவதில்லை என்று ஸூரத்துல் அஃராஃபின் 28ஆம் வசனம் அவர்களுக்கு மறுப்புக் கூறியது. அவன் எதை ஏவ மாட்டான் என்பதைக் கொண்டே அவர்களுடைய பொய் அம்பலமாக்கப்பட்டது! இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? பெண்மக்களின் பங்கை ஸூரத்துன் நிஸாவில் அல்லாஹ்வே வகுத்து வைத்திருக்கிறான். நாமோ கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் கணக்குக் காட்டி, பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, அவள் அழுதால் ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்கிறோம். அவனுடைய நாட்டமின்றி எதுவும் நடக்காது என்பது உண்மை. ஆனால் நடப்பதெல்லாம் அவனுடைய பொருத்தத்துக்கு உரியதல்ல. தன் அடியார்களின் குஃப்ரை அவன் பொருந்திக்கொள்வதில்லை என்று ஸூரத்துஸ் ஸுமரில் அவனே கூறுகிறான். நாட்டத்தையும் பொருத்தத்தையும் ஒன்றாக்கிப் பேசுகிறவன், தன் களவுக்கு அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுக்கிறான்.

தம்பி! உம்முடைய உம்மாவுக்கு நடந்தது அல்லாஹ்வின் நீதியல்ல. மாமாமார் செய்த அநியாயம் அது. அவனுடைய ஏவலும் அதற்கு எதிரானது; அவனுடைய ஸிஃபத்தும் அதற்கு எதிரானது. உம்முடைய மனசு கேட்ட கேள்வி ஈமானுக்குக் கேடல்ல; அவன் உமக்குள் வைத்த அறிவின் குரல் அது.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்யனாவேன். என் வீட்டு இரும்புப் பெட்டியிலும் 22 ஆண்டுகளாக ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தது. வாப்பா மௌத்தான மறு வருடம் என் தங்கையிடம் நான் வாங்கியது. தம்பியின் கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பெருநாள் கழிந்து அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

“காக்கா, அன்னிக்கு நான் மனசோட கையெழுத்துப் போடல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

எந்த ஆலிமும் எனக்கு அன்று சொல்லவில்லை. எந்தக் கிதாபையும் நான் புரட்டவில்லை. ஆனாலும் தெரிந்தே இருந்தது. பாவம் என்பது நெஞ்சில் உறுத்துவது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதன் பொருள் அப்போது விளங்கியது.

அடுத்த மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவளுடைய பங்கை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். ‘தான செட்டில்மெண்ட்’ என்றுதான் பத்திரத்தில் எழுத வேண்டியிருந்தது. அது தானமல்ல என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். எல்லாவற்றையும் அறிந்தவனுக்கும் தெரியும். 22 ஆண்டுத் தேங்காய் வருமானம் இன்னும் என் மீது கடனாக நிற்கிறது. அதையும் தீர்க்காமல் அவன் என்னை அழைத்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான் இப்போது என் துஆ.

அல்லாஹ்வின் திருநாமங்களைப் பற்றி எழுதிய இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள், அடியான் தன் தகுதிக்கு ஏற்ற அளவில் அந்தக் குணங்களிலிருந்து தனக்கொரு பங்கைத் தேடிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். தஸ்பீஹ் மணியில் ‘யா அத்ல்’ என்று எண்ணும் விரல், சகோதரியின் பங்கைப் பிடித்து வைத்திருந்தால் அந்த திக்ரு எங்கே போய்ச் சேரும்? சகோதரர்களே, உங்கள் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

நீதியாளனாகிய நாயன், நீதியை அறிந்த உள்ளத்தையும் அதைச் செய்யத் துணிந்த கையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.